கூட்டுழைப்பில் விளைந்த தரவுக் கருவிகள்

உரைநடை உலகம்

கற்றல் நோக்கங்கள்

• விரிதாளுக்கும் தரவுத்தளத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல்
• தரவைச் சொந்தச் சேவையகத்தில் வைத்துப் பேணுவதன் பயனையும் பொறுப்பையும் அறிதல்
• பயனர் கூட்டமைப்பினர் உருவாக்கும் துணைக்கருவிகளின் செயற்பாட்டைப் புரிந்துகொள்ளுதல்
• அறிவியல் செய்திகளைத் தெளிந்த தமிழில் எழுதும் திறன் பெறுதல்

நுழையும்முன்

ஓலையிலும் ஏட்டிலும் கணக்கெழுதிய மனிதன் இன்று கணினித் திரையில் எழுதுகிறான். எழுதும் கருவி மாறிவிட்டது. ஆயினும் கணக்கின் நம்பகத்தன்மை குறித்த கவலை மாறவில்லை. எழுதியது பிழையின்றி இருக்கிறதா? அது யாருடைய பொறுப்பில் இருக்கிறது? எழுதியவருக்கே அது நாளையும் கிடைக்குமா? பெட்டிக்குள் ஏட்டை வைத்துப் பூட்டிய காலத்தில் கடைசி வினாவுக்கு விடை எளிதாக இருந்தது. தரவுகள் தொலைதூரக் கணினிகளில் குடியேறிவிட்ட இக்காலத்தில் அவ்வினாவுக்கு விடைகாண முயன்றவர்களின் கூட்டுழைப்பை விளக்குகிறது இப்பாடம்.

விரிதாளின் தோற்றம்

1978ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பயின்ற டான் பிரிக்லின் என்னும் மாணவர், வகுப்பறைக் கரும்பலகையில் நிகழ்ந்த ஒன்றைக் கூர்ந்து கவனித்தார். கணக்கு அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றினால், அதனைச் சார்ந்த எண்கள் அனைத்தையும் அழித்து மீண்டும் எழுதவேண்டியிருந்தது. இவ்வேலையைக் கணினி தானே செய்தால் என்ன என்று அவர் சிந்தித்தார். அச்சிந்தனைக்கு நிரல்வடிவம் தந்தவர் பாப் ஃபிராங்ஸ்டன். இருவரின் முயற்சியால் 1979இல் ஆப்பிள் 2 கணினிக்காக வெளிவந்த ‘விசிகால்க்’ என்னும் மென்பொருளே தனிக்கணினிகளில் பரவலான முதல் விரிதாள் ஆகும்.

கிடைவரிசைகளும் நெடுவரிசைகளும் சந்திக்கும் கட்டங்கள், அக்கட்டங்களில் எண்கள், எண்களை இணைக்கும் சூத்திரங்கள். விரிதாளின் அமைப்பு இவ்வளவே. நிரலெழுதத் தெரியாதவரும் கணினியைக் கொண்டு கணக்கிடலாம் என்னும் நிலையை இவ்வெளிய அமைப்பு உருவாக்கியது. கடைக்காரரும் ஆசிரியரும் ஆராய்ச்சியாளரும் அலுவலரும் அதனைக் கைக்கொண்டனர்.

வசதியும் எல்லையும்

விரிதாளின் கட்டத்தில் எதையும் எழுதலாம். எண் இருக்கவேண்டிய இடத்தில் சொல்லையும், நாள் இருக்கவேண்டிய இடத்தில் எண்ணையும் அது தடையின்றி ஏற்றுக்கொள்ளும். சிறு கணக்குகளுக்கு வசதியாக அமைந்த இந்நெகிழ்வு, பெரும் பதிவேடுகளுக்கு இடராக முடிவதுண்டு.

2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இங்கிலாந்தில் நிகழ்ந்தது இதற்குச் சான்றாகும். கொரோனாத் தொற்று உறுதிசெய்யப்பட்டோரின் விவரங்களை ஆய்வகங்கள் கோப்புகளாக அனுப்பின. பொதுச் சுகாதார அமைப்பு அவற்றை எக்செல் மென்பொருளின் பழைய கோப்பு வடிவில் சேர்த்தது. அவ்வடிவில் ஒரு தாளில் 65,536 கிடைவரிசைகளுக்கு மேல் இடமில்லை. இடம் நிரம்பியபின் வந்த விவரங்கள் எவர் கண்ணிலும் படாமல் விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான நாள்களுக்குரிய 15,841 தொற்றாளர்களின் பதிவுகள் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. தொற்றாளர்களுக்குத் தத்தம் ஆய்வு முடிவு தெரிந்திருந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைக் கண்டறிந்து எச்சரிக்கும் பணி தாமதமாயிற்று. கணினி பழுதாகவில்லை, எவரும் தவறான எண்ணை எழுதவுமில்லை. பணிக்குப் பொருந்தாத கருவியைப் பயன்படுத்தியதே குறை.

தெரியுமா?

மனித மரபணுக்கள் சிலவற்றின் குறியீட்டுப் பெயர்கள் ‘செப்ட் 1’, ‘மார்ச் 1’ என்றவாறு அமைந்திருந்தன. விரிதாள் மென்பொருள் இவற்றை மாதமும் நாளுமாகக் கருதித் தேதிகளாக மாற்றிவிட்டது. ஆய்வுத் தரவுகளில் பிழைகள் பெருகியமையால், மரபணுக்களுக்குப் பெயர்சூட்டும் பன்னாட்டுக் குழு அக்குறியீடுகளையே மாற்றியமைத்தது. 2020இல் அக்குழு வெளியிட்ட நெறிமுறைகளில் இம்மாற்றம் இடம்பெற்றது.

தரவுத்தளம் தந்த ஒழுங்கு

விரிதாள் தோன்றுவதற்கு முன்பே பெரும் பதிவேடுகளைப் பேணுவதற்கான கோட்பாடு உருவாகியிருந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் கணித அறிஞர் 1970இல் ‘உறவுநிலைத் தரவுத்தளம்’ என்னும் கருத்தை முன்வைத்தார். இப்பணிக்காக 1981இல் அவருக்கு டூரிங் விருது வழங்கப்பட்டது.

அவர் கோட்பாட்டை ஒரு நூலகத்தைக் கொண்டு விளக்கலாம். நூலகத்தில் கடன் பெற்றவர் பெயர், தொலைபேசி எண், நூலின் பெயர், ஆசிரியர், திருப்பித் தரவேண்டிய நாள் ஆகிய அனைத்தும் ஒரே விரிதாளில் எழுதப்படுவதாகக் கொள்வோமாயின், ஒருவர் பத்து நூல்கள் பெற்றால் அவருடைய தொலைபேசி எண் பத்து இடங்களில் எழுதப்படும். எண் மாறும்போது ஒன்பது இடங்களில் திருத்தி, ஓரிடத்தில் திருத்தாமல் விட்டால், எது சரியான எண் என்பது பின்னர் வருபவருக்குத் தெரியாது.

உறவுநிலைத் தரவுத்தளத்தில் வாசகர்களுக்கு ஓர் அட்டவணை, நூல்களுக்கு ஓர் அட்டவணை, கடன்களுக்கு ஓர் அட்டவணை எனப் பிரித்து எழுதப்படும். கடன் அட்டவணை, வாசகரையும் நூலையும் சுட்டிக்காட்டுமேயன்றி அவற்றின் விவரங்களைப் படியெடுத்து வைக்காது. ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டுமே எழுதப்படுவதால், ஓரிடத்தில் திருத்தினால் போதும். ஒவ்வொரு நெடுவரிசையும் எண், சொல், நாள் ஆகியவற்றுள் எவ்வகைக்குரியது என்பதும் முன்னரே வரையறுக்கப்படும்.

இவ்வொழுங்கிற்குக் கொடுக்கவேண்டிய விலையும் உண்டு. தரவுத்தளத்தை அமைக்கவும் அதனிடம் வினவவும் தனி மொழியறிவு தேவை. எனவே வல்லுநர்கள் தரவுத்தளத்தையும் மற்றையோர் விரிதாளையும் நாடினர்.

இரண்டும் இணைந்த கருவி

விரிதாளின் எளிமையையும் தரவுத்தளத்தின் ஒழுங்கையும் ஒருங்கே தரும் மென்பொருள்கள் பின்னர் தோன்றின. பார்ப்பதற்கு விரிதாள் போன்ற கட்டங்கள். அடியில் இயங்குவது தரவுத்தளம். இவ்வகையில் புகழ்பெற்ற ஏர்டேபிள் போன்ற சேவைகள், சேவை வழங்கும் நிறுவனத்தின் கணினிகளிலேயே இயங்குபவை. பயனர் இணையத்தின் வழியே சென்று பயன்படுத்துவார். கட்டணத்தை உயர்த்துவதும், வசதிகளைக் குறைப்பதும், சேவையை நிறுத்துவதும் நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தன.

இதற்கு மாற்றாக எழுந்தவை, சொந்தச் சேவையகத்தில் நிறுவிக்கொள்ளத்தக்க மென்பொருள்கள். கிரிஸ்ட், பேஸ்ரோ, நோகோடிபி ஆகியன அவற்றுள் சில. நோகோடிபி, ஏற்கெனவே உள்ள தரவுத்தளத்தின்மீது விரிதாள் போன்ற முகப்பை அமைத்துத் தரவல்லது. நெதர்லாந்தில் தோன்றிய பேஸ்ரோ, போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தின்மீது இயங்குகிறது. அமெரிக்காவின் நியூயார்க்கைச் சார்ந்த கிரிஸ்ட் லேப்ஸ் உருவாக்கிய கிரிஸ்ட், சூத்திரங்களைப் பைத்தான் மொழியில் எழுத இடமளிக்கிறது.

கிரிஸ்ட் மென்பொருளின் அடிப்படைப் பகுதி ‘அப்பாச்சி 2.0’ என்னும் உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டுள்ளது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கு வழங்கலாம். பெரிய நிறுவனங்களுக்கான சில கூடுதல் வசதிகளுக்கு மட்டும் கட்டணம் உண்டு. அடிப்படையைத் திறந்துவைத்து, கூடுதல் வசதிகளால் பொருளீட்டும் இம்முறையைப் பேஸ்ரோவும் பின்பற்றுகிறது.

கிரிஸ்டில் உருவாக்கப்படும் ஒவ்வோர் ஆவணமும் ‘எஸ்க்யூலைட்’ வடிவிலமைந்த ஒரே கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. எஸ்க்யூலைட் என்பது 2000ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஹிப் உருவாக்கிப் பொதுவுடைமையாக வழங்கிய சிறு தரவுத்தளம். கைப்பேசிகளிலும் இணைய உலாவிகளிலும் அது எங்கும் நிறைந்துள்ளது. ஆகவே கிரிஸ்ட் மென்பொருளே ஒருநாள் இல்லாமற்போனாலும், அதன் கோப்பைத் திறந்து தரவை மீட்க வேறு கருவிகள் உண்டு. ஒரு கருவிக்குள் தரவை இடுவதற்கு முன், அதிலிருந்து தரவை வெளியே எடுக்கும் வழி இருக்கிறதா என்று பார்ப்பது அறிவுடைமை.

துணைக்கருவிகள்

எந்த மென்பொருளும் எல்லோருடைய தேவையையும் நிறைவேற்றிவிட இயலாது. ஒருவருக்கு அட்டவணையிலுள்ள முகவரிகளை வரைபடத்தில் காணவேண்டும். மற்றொருவருக்கு நாள்காட்டியில் காணவேண்டும். வேறொருவருக்குப் பொருள்பட்டியலை விலைச்சீட்டாக அச்சிடவேண்டும். இவ்வேறுபட்ட தேவைகளை நிறைவேற்றுவன துணைக்கருவிகள். மென்பொருளை உருவாக்கியவர்களோடு அதனைப் பயன்படுத்துவோரும் இவற்றைப் படைக்கின்றனர். ஊர்கூடித் தேரிழுப்பது போன்ற பணி இது. துணைக்கருவிகளையும் அவற்றை ஒத்த பங்களிப்புகளையும் நான்காக வகுக்கலாம்.

முதலாவது, காட்சிக் கருவி. இது ‘விட்ஜெட்’ எனப்படும். கிரிஸ்டில் விட்ஜெட் என்பது ஒரு சிறிய இணையப்பக்கமே. அட்டவணைக்கு அருகில் ஒரு சட்டத்துக்குள் அது தோன்றும். அட்டவணையில் ஒரு கிடைவரிசையைத் தேர்ந்தெடுத்தால் அதன் விவரம் விட்ஜெட்டுக்குச் செல்லும். விட்ஜெட் அதனை வரைபடமாகவோ நாள்காட்டியாகவோ விலைச்சீட்டாகவோ காட்டும். இணையப்பக்கம் எழுதத் தெரிந்த மாணவர் ஒருவரும் இதனை உருவாக்க இயலும்.

இரண்டாவது, நிரல்வழி இடைமுகம். ஒரு மென்பொருள் மற்றொன்றிடம் தரவு கேட்கவும் கொடுக்கவும் உதவும் வரையறுக்கப்பட்ட வழி இது. இதனைக் கையாள்வதற்கான நிரலகங்களைப் பல்வேறு நிரல்மொழிகளில் தன்னார்வலர்கள் எழுதி வழங்கியுள்ளனர். ஆயிரம் பதிவுகளைக் கையால் உள்ளிடுவதற்கு மாற்றாகச் சில வரிகள் நிரல் எழுதினால் போதும்.

மூன்றாவது, நிகழ்வறிவிப்பான். ‘வெப்ஹூக்’ எனப்படும் இது, அட்டவணையில் புதிய பதிவு சேரும்போதோ பழைய பதிவு மாறும்போதோ மற்றொரு சேவைக்குத் தானே செய்தி அனுப்பும். எடுத்துக்காட்டாக, நூலைத் திருப்பித் தந்ததாகப் பதிவானவுடன், அந்நூலுக்காகக் காத்திருக்கும் அடுத்த வாசகருக்கு மின்னஞ்சல் செல்லுமாறு அமைக்கலாம். செருமனியில் தோன்றிய ‘என்8என்’ போன்ற தானியக்கக் கருவிகள், இத்தகைய இணைப்புகளை நிரலின்றியே அமைக்க உதவுகின்றன.

நான்காவது, மொழியாக்கம். இது கருவியாகத் தோன்றாவிடினும் கூட்டுழைப்பின் இன்றியமையாப் பகுதி. கிரிஸ்டின் திரைச்சொற்களை ‘வெப்லேட்’ என்னும் கூட்டு மொழிபெயர்ப்புத் தளத்தில் தன்னார்வலர்கள் தத்தம் மொழிகளில் பெயர்க்கின்றனர். நிரல் தெரியாதவரும் மொழியறிவால் இப்பணியில் பங்கேற்கலாம்.

பிரான்சு நாட்டின் பட்டறிவு

அரசு அலுவலகமே இக்கூட்டமைப்பின் உறுப்பாகச் செயற்பட்டதற்குப் பிரான்சு நல்லதோர் எடுத்துக்காட்டு. அந்நாட்டு அரசின் எண்ணிமத்துறை, கிரிஸ்டைத் தன் பொறுப்பிலுள்ள சேவையகத்தில் நிறுவி அரசு ஊழியர்களுக்கு வழங்குகிறது. மூலநிரலின் மேம்பாட்டிலும் பங்களிக்கிறது. அரசைச் சார்ந்த நிரலாளர்கள் தம் நிருவாகத் தேவைகளுக்கேற்ற விட்ஜெட்டுகளையும் உருவாக்கிப் பொதுவில் வைத்துள்ளனர்.

அவற்றுள் ஒன்று, ஊராட்சியின் பெயரைக்கொண்டு அதற்குரிய குறியீட்டைக் கண்டறியும் கருவி. பிரான்சில் ஏறத்தாழ 35,000 ஊராட்சிகள் உள்ளன. அவற்றுள் ஒரே பெயருடையன பல. செந்தெனி என்னும் பெயரில் பாரிசு நகருக்கு வடக்கே ஓர் ஊர் உண்டு. இந்தியப் பெருங்கடலிலுள்ள ரெயூனியன் தீவின் தலைநகருக்கும் அதே பெயர். பெயரை மட்டும் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆதலால் நாட்டின் புள்ளியியல் நிறுவனம் ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஐந்திடக் குறியீடு வழங்கியுள்ளது. முன்னதன் குறியீடு 93066. பின்னதன் குறியீடு 97411.

இக்குறியீட்டை எண்ணாகக் கருதலாகாது. சில குறியீடுகள் சுழியத்தில் தொடங்குகின்றன. 01004 என்னும் குறியீட்டை எண்ணென்று கொண்டால் விரிதாள் அதனை 1004 எனச் சுருக்கிவிடும். அதன்பின் அது எந்த ஊரையும் குறிக்காது. கோர்சிகாத் தீவின் ஊர்களுக்குரிய குறியீடுகளில் எழுத்தும் கலந்துள்ளது. நெடுவரிசையின் வகையைச் ‘சொல்’ என்று வரையறுத்துவிட்டால் இவ்விடர் நேராது. உள்ளூர் நிருவாகத்தின் இத்தகைய நுட்பங்கள், தொலைவிலுள்ள நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க இயலாது. அன்றாடம் அப்பதிவேட்டோடு பழகுபவருக்கே அவை தெரியும். பயனரே கருவி படைப்பதன் பயன் இங்கே விளங்கும்.

நம்பிக்கையும் விழிப்பும்

பிறர் ஆக்கிய கருவியைப் பயன்படுத்துவது அவரை நம்புவதாகும். அந்நம்பிக்கை அளவோடு இருத்தல் வேண்டும். கிரிஸ்டில் ஒரு விட்ஜெட்டைச் சேர்க்கும்போது அதற்கு மூன்று நிலைகளில் அனுமதி வழங்கலாம். தரவை அறவே காட்டாதிருத்தல், தேர்ந்தெடுத்த அட்டவணையைப் படிக்க மட்டும் விடுதல், ஆவணம் முழுவதையும் படிக்கவும் மாற்றவும் விடுதல் என்பன அவை. முழு அனுமதி பெற்ற விட்ஜெட், ஆவணத்திலுள்ள அனைத்தையும் வெளியே அனுப்பவும் இயலும். வரைபடம் காட்டுவதற்கு ஓர் அட்டவணையைப் படிக்கும் உரிமை போதும். வேலைக்கு வேண்டிய அளவினும் மிகுதியாக உரிமை கேட்கும் கருவியை ஐயுறுதல் தகும்.

தீய நோக்கம் இல்லாதவிடத்தும் இடர் நேரலாம். 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களின் பொதுக் களஞ்சியத்திலிருந்து ‘லெஃப்ட்பேட்’ என்னும் சிறு நிரலை அதன் ஆசிரியர் நீக்கிக்கொண்டார். ஒரு பெயர் குறித்த பிணக்கே காரணம். ஒரு சொல்லின் இடப்புறத்தில் தேவையான அளவு எழுத்துகளை நிரப்பித் தரும் பதினொரு வரி நிரல் அது. ஆயினும் எண்ணற்ற மென்பொருள்கள் நேராகவும் மறைமுகமாகவும் அதனைச் சார்ந்திருந்தமையால், சில மணிநேரம் அவற்றை உருவாக்கும் பணி உலகெங்கும் தடைப்பட்டது. பின்னர் களஞ்சியத்தினர் அந்நிரலை மீட்டு வைத்தனர்.

ஆகவே ஒரு துணைக்கருவியைத் தேர்வதற்குமுன் சிலவற்றை ஆராய்தல் வேண்டும். அதன் மூலநிரல் கிடைக்கிறதா? எந்த உரிமத்தின்கீழ் வழங்கப்படுகிறது? அண்மையில் திருத்தப்பட்டுள்ளதா? அதனைப் பேணுபவர் ஒருவரா, பலரா? அவர் விலகினால் மற்றவர் தொடர வழியுண்டா? அதன் படியொன்றைச் சொந்தச் சேவையகத்திலேயே வைத்துக்கொள்ள இயலுமா? மூலநிரல் கண்ணுக்குத் தெரிவதனாலேயே அது கட்டற்ற மென்பொருளாகிவிடாது. என்8என் கருவியின் மூலநிரலை எவரும் காணலாம். ஆனால் அதனை வணிகச் சேவையாக விற்பதற்கு உரிமம் வரம்பிடுகிறது.

தெரியுமா?

காப்புப்படி எடுப்பதற்கு ‘3-2-1’ என்றொரு நெறியுண்டு. தரவுக்கு மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இருவேறு வகைச் சேமிப்புக் கருவிகளில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும்.

உரிமையும் பொறுப்பும்

வாடகை வீட்டில் கூரை ஒழுகினால் வீட்டுக்காரரிடம் முறையிடலாம்; சொந்த வீட்டில் தாமே சீர்செய்ய வேண்டும். சொந்தச் சேவையகமும் அத்தகையதே. பாதுகாப்புத் திருத்தங்களை உரிய காலத்தில் நிறுவுதல், காப்புப்படி எடுத்தல், எடுத்த படியிலிருந்து தரவை மீட்க இயலுகிறதா என்று அவ்வப்போது சோதித்தல், யார் எதைக் காணலாம் என வரையறுத்தல் ஆகிய அனைத்தும் நிறுவியவரின் கடமைகள். சூத்திரங்கள் பைத்தான் நிரல்களாதலின், சேவையகத்தின் பிற பகுதிகளைத் தொடாதவாறு அவை தனித்த அடைப்புக்குள் இயங்கும்படி அமைப்பதும் இன்றியமையாதது. இவற்றைச் செய்ய ஆளில்லாத நிறுவனத்துக்கு, நம்பத்தக்க ஒருவரிடம் கட்டணம் செலுத்திச் சேவை பெறுவதே பொருத்தமாகலாம். அப்போதும், திறந்த வடிவில் தரவைப் படியெடுத்துக்கொள்ளும் உரிமையை விட்டுவிடலாகாது.

பதிவேட்டின் ஒவ்வொரு கிடைவரிசைக்குப் பின்னும் ஒரு மனிதர் இருக்கிறார். இங்கிலாந்தில் விடுபட்ட 15,841 பதிவுகளும் அத்தனை மனிதர்களையும், அவர்களோடு பழகி எச்சரிக்கை பெறாதவர்களையும் குறித்தன. தரவைப் பேணுதல் மனிதரைப் பேணுவதாகும். தக்க கருவியைத் தேர்தல், தேவைக்கேற்ப அதனை மேம்படுத்துதல், மேம்படுத்தியதைப் பிறருடன் பகிர்தல், பகிர்ந்தவற்றை விழிப்போடு கையாளுதல் ஆகியன அப்பணியின் படிநிலைகள். அதில் நிரலாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும், குறையைக் கண்டு சொல்லும் பயனருக்கும் இடமுண்டு.

கலைச்சொல் அறிவோம்

விரிதாள் – ஸ்பிரெட்ஷீட்
தரவுத்தளம் – டேட்டாபேஸ்
சேவையகம் – சர்வர்
மூலநிரல் – சோர்ஸ் கோடு
துணைக்கருவி – ஆட்-ஆன்
நிரல்வழி இடைமுகம் – ஏ.பி.ஐ.
காப்புப்படி – பேக்கப்
உரிமம் – லைசென்ஸ்

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பள்ளி நூலகப் பதிவேட்டை மூன்று அட்டவணைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நெடுவரிசைகளையும் அவற்றின் வகைகளையும் எழுதிக் காட்டுக.

2. சுழியத்தில் தொடங்கக்கூடிய, எண்ணாகக் கருதத்தகாத குறியீடுகள் உங்கள் அன்றாட வாழ்வில் எவையெவை எனக் குழுவாகக் கலந்துரையாடுக.

3. நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றின் திரைச்சொற்கள் பத்தினைத் தெரிவுசெய்து, எளிய தமிழ்ச்சொற்களை உருவாக்குக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. உறவுநிலைத் தரவுத்தளம் என்னும் கருத்தை 1970இல் முன்வைத்தவர்
அ) டான் பிரிக்லின்
ஆ) பாப் ஃபிராங்ஸ்டன்
இ) எட்கர் காட்
ஈ) ரிச்சர்டு ஹிப்

2. கிரிஸ்ட் ஆவணம் சேமிக்கப்படும் வடிவம்
அ) எக்செல்
ஆ) எஸ்க்யூலைட்
இ) விசிகால்க்
ஈ) வெப்லேட்

3. வரைபடம் காட்டும் விட்ஜெட்டுக்குப் போதுமான அனுமதி
அ) ஆவணம் முழுவதையும் மாற்றுதல்
ஆ) தேர்ந்தெடுத்த அட்டவணையைப் படித்தல்
இ) பயனர்களை நீக்குதல்
ஈ) சேவையகத்தை நிருவகித்தல்

குறுவினா

1. 65,536 என்னும் எண், இப்பாடத்தில் எதனைக் குறிக்கிறது?
2. நிகழ்வறிவிப்பானின் பணி யாது?
3. ‘3-2-1’ நெறியை எழுதுக.

சிறுவினா

1. ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் எழுதுவதால் விளையும் நன்மையை நூலக எடுத்துக்காட்டால் விளக்குக.
2. லெஃப்ட்பேட் நிகழ்வு உணர்த்தும் பாடம் யாது?
3. பிரான்சின் ஊராட்சிக் குறியீடுகளை எண்ணாகக் கருதலாகாது என்பதற்குக் காரணம் தருக.

நெடுவினா

1. ‘தரவின்மீது உரிமை கொண்டாடுவோர் அதனைப் பேணும் பொறுப்பையும் ஏற்றல் வேண்டும்’ – இக்கூற்றைப் பாடச்செய்திகளைக் கொண்டு நிறுவுக.
2. துணைக்கருவிகளின் வகைகளை விளக்கி, அவற்றைத் தேர்வதில் கடைப்பிடிக்கவேண்டிய நெறிகளைத் தொகுத்துரைக்க.